முதல் ஐபோனில் அப்படி என்னதான் இருந்தது?

கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. "2007-இல் முதல் ஐபோனுக்காக அமெரிக்காவில் நாள்கணக்கில் வரிசையில் காத்துக்கிடந்தார்கள் என்று படித்தேன். அதில் 3ஜி இல்லை, வீடியோ எடுக்க முடியாது, எழுத்தை நகலெடுத்து ஒட்டக்கூட வழி இல்லை. பிறகு எதைப் பார்த்து அப்படி மயங்கினார்கள்? இன்றைக்குப் புதுப் போன் வாங்கிப் பெட்டியைத் திறக்கும்போது அந்த மயக்கம் ஏன் வருவதில்லை?"

போன் சர்வீஸ் வேலையில் எனக்கு இருபது வருஷம் ஆகப்போகிறது. முதல் ஐபோன் வந்த சமயத்தில் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தப் போனில் திரை விரலோடு கூடவே வந்தது. ஜனங்கள் காத்திருந்தது வேறு எதற்கோ. கையில் வாங்கியதும் அவர்களை நிறுத்திவைத்தது இதுதான். இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய வேண்டுமானால், அதற்கு முன்னால் 'டச் போன்' என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

2006, 2007 வாக்கில் எங்கள் மேசைக்கு வந்த டச் போன்கள் எல்லாம் ரெசிஸ்டிவ் வகை. மேலே வளையக்கூடிய பிளாஸ்டிக் படலம், கீழே ஒரு கண்ணாடி. இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திப் பூச்சு. நடுவில் மயிரிழை இடைவெளி, அது ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள். நீங்கள் அழுத்தினால் மேல் படலம் வளைந்து கீழே தொடும். தொட்ட இடத்தின் மின்னழுத்தத்தை அளந்து போன் இடத்தைக் கண்டுபிடிக்கும். அழுத்தினால்தான் வேலை நடக்கும். அதனால் விரல் நுனியைவிட நகம் நன்றாக வேலை செய்யும், நகத்தைவிட ஸ்டைலஸ் குச்சி நன்றாக வேலை செய்யும். அந்தக் குச்சி போனின் மூலையில் ஒரு பொந்தில் செருகியிருக்கும், வாங்கிய இரண்டாவது மாதம் தொலைந்துபோகும். வாடிக்கையாளர் வந்து "அண்ணே, ஒரு குச்சி மட்டும் இருக்கா?" என்று கேட்பார். சைனா போன்களின் குச்சிகளைத் தனி டப்பாவில் போட்டு வைத்திருந்தோம்.

நாள்பட்டால் தொடும் இடம் ஒன்று, திறப்பது வேறொன்று என்று ஆகிவிடும். அப்போது காலிபிரேஷன் போட வேண்டும். திரையில் ஒரு கூட்டல் குறி வரும், அதன் நட்டநடுவில் குச்சியால் தொட வேண்டும். பிறகு அடுத்த மூலை, அதற்கடுத்த மூலை. ஒரு நாளைக்கு நாலைந்து போனுக்காவது இதைச் செய்வோம். பெயர்ப் பட்டியலில் கீழே போக வேண்டுமா? வலது ஓரத்தில் நூல் மாதிரி ஒரு பட்டை இருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் பட்டியல் ஒரு நொடி யோசித்துவிட்டுக் குதித்துக் குதித்து நகரும். தொடுதிரை என்றால் பொறுமை வேண்டும் என்று அன்று எல்லாரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 2007 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவின் மாஸ்கோனி அரங்கில் நடந்த மேக்வேர்ல்ட் என்ற ஆப்பிள் ரசிகர்கள் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஒளிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. தொடுதிரை உள்ள ஐபாட் என்ற பாட்டுக் கருவி, ஒரு போன், ஒரு இணையக் கருவி என்று மூன்று சாதனங்களை அறிவிப்பதுபோல அன்றைய ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஆரம்பித்து, மூன்றும் ஒன்றே என்று முடிப்பார். கைதட்டல் பலமாக விழும். ஆனால் எனக்குப் பிடித்த இடம் அதற்குப் பிறகு வருகிறது. பாடகர்களின் பெயர்ப் பட்டியலைத் திறந்து, இதை எப்படி நகர்த்துவது என்று கேட்டுவிட்டு, விரலை வைத்து மேலே ஒரு தள்ளு தள்ளுவார். பட்டியல் ஓடும், மெல்ல வேகம் குறையும், தானாக நிற்கும். அரங்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்கும். அது கைதட்டலுக்கு முந்திய சத்தம். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

அன்று மேடையில் இருந்த போன் அரைகுறையானது. ஆண்டி கிரிக்னன் போன்ற பொறியாளர்கள் பின்னாளில் பத்திரிகைகளிடம் அதைச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் இது, அடுத்து இது என்று வரிசை மாறாமல் செய்தால் ஓடும், வரிசை தப்பினால் நின்றுபோகும். சிக்னல் கோடுகள் எப்போதும் ஐந்தும் தெரிகிற மாதிரி முன்கூட்டியே வைத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பட்டியல் ஓட்டம் நிஜம்.

அப்புறம் கிட்டத்தட்ட ஆறு மாதக் காத்திருப்பு.  முதலில் காட்டிவிட்டு, ஜூனில் தருகிறோம் என்றார்கள். அமெரிக்காவில் புதிய போனுக்கு எஃப்சிசி என்ற அரசுத் தொலைத்தொடர்பு அமைப்பின் அனுமதி வாங்க வேண்டும், அந்த வழியில் செய்தி கசிவதைவிடத் தாமே சொல்லிவிடலாம் என்று மேடையிலேயே காரணமும் சொன்னார்கள். அந்த ஆறு மாதமும் உலகம் முழுக்க ஒரே பேச்சு. பொத்தான் இல்லாத போனில் மின்னஞ்சல் எழுத முடியாது என்றார்கள். 500 டாலர் கொடுத்து இதை யார் வாங்குவார்கள் என்று மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர் ஒரு பேட்டியில் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் தப்பு சொல்ல மாட்டேன். அன்றைய கணக்கில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. அதே வருஷம் வந்த நோக்கியா என்95-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 5 மெகாபிக்சல் கேமரா, 3ஜி, ஜிபிஎஸ், வீடியோப் பதிவு எல்லாம் அதில் உண்டு. ஐபோனில் 2 மெகாபிக்சல், பிளாஷ் கிடையாது, எட்ஜ் என்ற மெதுவான 2ஜி இணைப்பு மட்டும். காகிதத்தில் எழுதி வைத்துப் பார்த்தால் என்95 ஜெயிக்கும்.

நடுவில் நடந்த ஒரு மாற்றத்தை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மறக்க முடியாது. ஜனவரியில் காட்டிய போனின் முகப்பு பிளாஸ்டிக். சாவிக்கொத்தோடு பையில் போட்டால் கீறல் விழுகிறது என்று ஜாப்ஸ் கண்ணாடிதான் வேண்டும் என்று நின்றார். நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த கார்னிங் நிறுவனம் சில மாதங்களுக்குள் அந்தக் கண்ணாடியைச் செய்து கொடுத்தது. ஜூன் 18 அன்று, விற்பனைக்குப் பதினோரு நாள் முன்னால், முகப்பு கண்ணாடியாக மாறியதையும், பேசும் நேரம் 8 மணி வரை கூடியதையும் ஆப்பிள் அறிவித்தது. இன்று உங்கள் கையில் இருக்கும் போன் கீறல் விழாமல் வழவழவென்று இருப்பதும், கீழே விழுந்தால் உடைந்து எங்களிடம் வருவதும் அன்று எடுத்த அந்த முடிவிலிருந்து ஆரம்பித்தவை.

ஜூன் 29, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு விற்பனை. 4 ஜிபி 499 டாலர், 8 ஜிபி 599 டாலர். அதோடு ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்துடன் இரண்டு வருஷ ஒப்பந்தமும் போட வேண்டும். அந்த மாதக் கடைசி நாளுக்குள் 2,70,000 போன்கள் போய்விட்டன. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணினியில் ஐடியூன்ஸ் என்ற ஆப்பிள் மென்பொருள் வழியாகப் பதிவுசெய்தால்தான் போன் உயிர்பெறும். முதல் வார இறுதியில் அந்தப் பதிவு பலருக்கு மணிக்கணக்கில் தாமதமானது. மூன்று நாள் வரிசையில் நின்று வாங்கியும், இரவெல்லாம் பூட்டிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

என் கைக்கு அது வந்தது 2007 டிசம்பரில். இந்தியாவில் விற்பனை இல்லை. வாடிக்கையாளர் ஒருவரின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து வரும்போது அப்பாவுக்காகக் கொண்டுவந்திருந்தார். நம் ஊர் சிம் போட்டால் வேலை செய்ய வேண்டும் என்று எங்களிடம் வந்தார்கள். ஆகஸ்டிலேயே ஜார்ஜ் ஹாட்ஸ் என்கிற 17 வயதுப் பையன், ஏடி அண்ட் டி சிம்மை மட்டுமே ஏற்கும்படி போனில் போட்டிருந்த பூட்டை உடைத்திருந்தான். அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு ஸ்க்ரூடிரைவர், சால்டரிங் இரும்பு, அப்புறம் நிறையப் பொறுமை. டிசம்பருக்குள் சால்டரிங் இல்லாமல் மென்பொருளாலேயே சில பதிப்புகளைத் திறக்க வழி வந்துவிட்டது.

பெட்டியிலிருந்து எடுத்ததும் நான் கவனித்தது எடை. 135 கிராம்தான். ஆனால் பின்பக்கம் அலுமினியம் என்பதால் கையில் சில்லென்று, கெட்டியாக உட்கார்ந்தது. கீழ்ப்பகுதியில் மட்டும் கறுப்புப் பிளாஸ்டிக். ஆன்டெனாவுக்கு அலைகள் போய்வர வேண்டுமே, உலோகம் விடாது. முன்னால் ஒரே ஒரு பொத்தான். குச்சிக்கான பொந்தைத் தேடி நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், இல்லை. பழக்கத்தில் நகத்தை வைத்து அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. விரலின் சதைப் பகுதி லேசாகப் பட்டதும் திரை பதில் சொன்னது.

சிம் வேலை செய்த பிறகு, சோதிக்கப் பெயர்ப் பட்டியலைத் திறந்தேன். ஒரு பெயரின் மேல் விரலை வைத்து, மெதுவாக, வேண்டுமென்றே மிக மெதுவாக, மேலே நகர்த்தினேன். அந்தப் பெயர் என் விரலுக்கு அடியிலேயே இருந்தது. பின்தங்கவும் இல்லை, முந்தவும் இல்லை. கீழே இழுத்தேன், கூடவே வந்தது. பட்டியலின் முடிவுக்குப் போனதும் முட்டி நிற்காமல் கொஞ்சம் இழுபட்டு, விட்டதும் ரப்பர் மாதிரித் தன் இடத்துக்குத் திரும்பியது. கடையில் நாங்கள் நான்கு பேர். நான்கு பேரும் மாறி மாறி அதையே செய்துகொண்டிருந்தோம். யாரும் கேமராவைத் திறக்கவில்லை.

மறுநாள் அந்த அப்பா வந்து வாங்கிக்கொண்டார். அறுபது வயதைத் தாண்டியவர், பழைய போனில் எஸ்எம்எஸ்கூடப் படிக்க மாட்டார். மகன் "அப்பா, இப்படித் தள்ளுங்க" என்று ஒரு முறைதான் காட்டினார். அவர் தள்ளினார். பட்டியல் ஓடி நின்றது. மறுபடி தள்ளினார். பிறகு தலையை நிமிர்த்தாமல், "இது பேச்சு கேக்குதுடா" என்றார். இதைவிடச் சரியாக அந்தப் போனை யாரும் விளக்கி நான் கேட்டதில்லை.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? பாதி காரணம் திரை. அது கெப்பாசிட்டிவ் வகை. கண்ணாடிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய மின்கடத்திக் கோடுகள். நம் உடம்பு மின்சாரம் கடத்தும் என்பதால், விரல் கிட்டே வந்தாலே அந்தக் கோடுகளில் உள்ள மின்னூட்டம் மாறும். ஒரு விரல் ஒரே நேரத்தில் பல கோடுகளின் மேல் படியும். எதில் எவ்வளவு மாற்றம் என்று பார்த்து விரலின் மையத்தைச் சிப் கணக்கிடும். இரண்டு விரல் வைத்தால் இரண்டு மையம். படத்தைக் கிள்ளிப் பெரிதாக்கும் வசதி இப்படித்தான் வந்தது. அழுத்தம் தேவையில்லை, வளைய வேண்டிய படலம் இல்லை, காலிபிரேஷன் இல்லை. இதில் ஆப்பிளுக்குப் பெரிய கை கொடுத்தது 2005-இல் அது வாங்கிய ஃபிங்கர்வொர்க்ஸ் என்ற சின்ன நிறுவனம். டெலாவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேய்ன் வெஸ்டர்மன், ஜான் எலியாஸ் இருவரும் ஆரம்பித்தது. வெஸ்டர்மனுக்குத் தட்டச்சு செய்து செய்து கைவலி. விசைகளை அழுத்தாமல், மேற்பரப்பைத் தொட்டாலே போதும் என்கிற ஆராய்ச்சிக்கு அவர் போனதற்கு அந்த வலியும் ஒரு காரணம்.

மீதிப் பாதி மென்பொருள். அதுதான் கடினமான பாதி என்பது என் கருத்து. எல்ஜி பிராடா போன் ஐபோனுக்குச் சில வாரம் முன்பே, 2006 டிசம்பரில், கெப்பாசிட்டிவ் திரையோடு அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஐபோன் உண்டாக்கிய பரபரப்பு அதற்கு இல்லை. ஐபோனில் என்ன வித்தியாசம் என்பதைச் சஃபாரி உலாவியில் பார்க்கலாம். நீளமான ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து வேகமாகத் தள்ளினால், பக்கம் வரைந்து முடிவதற்குள் விரல் தாண்டிவிடும். அப்போது எழுத்துக்குப் பதில் சாம்பலும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் தெரியும். ஒரு நொடி கழித்துத்தான் எழுத்து நிரம்பும். பலர் அதைக் குறை என்று நினைத்தார்கள். அது ஒரு முடிவு. எழுத்து தயாராகும் வரை திரையை நிறுத்திவைப்பது மற்ற போன்களின் வழி. வெற்றுக் கட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, விரல் காத்திருக்கக் கூடாது என்பது இவர்கள் வழி. 412 மெகாஹெர்ட்ஸ் சிப், 128 எம்பி நினைவகம். இன்றைய போனோடு ஒப்பிட்டால் கடுகளவு சக்தி. அந்தக் கடுகளவையும் முதலில் விரலுக்குக் கொடுத்தார்கள், மிச்சத்தை மற்ற வேலைகளுக்குக் கொடுத்தார்கள்.

விசைப்பலகை வேறு கதை. முதல் நாள் அனுபவம் பெரும்பாலானவர்களுக்கு மோசம்தான். கென் கோசியண்டா என்ற பொறியாளர் எழுதிய மென்பொருள் அது. அடிக்கும் எழுத்து விரலுக்கு மேலே பெரிதாக எழும்பிக் காட்டும். தவறான எழுத்தாக இருந்தால் விரலை எடுக்காமல் பக்கத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம், விரலை எடுக்கும்போதுதான் பதியும். அடுத்து எந்த எழுத்து வரும் என்று ஊகித்து, அந்த எழுத்தின் தொடு எல்லையைக் கண்ணுக்குத் தெரியாமல் அகலப்படுத்தும். ஆங்கிலத்தில் time என்ற சொல்லுக்கு 'டி, ஐ, எம்' அடித்திருந்தால் 'இ' எழுத்துக்கு இடம் கூடும். விற்பனைக்கு முன்பே போனை வாங்கிச் சோதித்தவர்களில் ஒருவரான வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் வால்ட் மாஸ்பெர்க், ஐந்து நாள் பழகிய பிறகு பொத்தான் விசைகள் உள்ள தன் பழைய ட்ரியோ போனில் அடிக்கும் வேகம் வந்துவிட்டது என்று எழுதினார். புதுப் போனின் தட்டச்சை முதல் மணி நேரத்தில் எடைபோடக் கூடாது என்று நான் இன்றும் சொல்வது இதனால்தான்.

ஏமாற்றங்களும் இருந்தன, சின்னவை அல்ல. எட்ஜ் இணைப்பில் பக்கம் திறக்க நேரம் பிடித்தது. இயர்போன் துளையை உள்ளே தள்ளி வைத்திருந்ததால் பல இயர்போன்களின் முனை உள்ளே போகவில்லை, தனியாக ஓர் இணைப்பு வாங்க வேண்டியிருந்தது. ஆப் ஸ்டோர் இல்லை. அது 2008 ஜூலையில்தான் வந்தது. அதுவரை ஆப்பிள் கொடுத்த சின்னங்களோடு சரி. நகலெடுத்து ஒட்டுவது 2009 ஜூனில் வந்தது. எல்லாவற்றையும்விட வலித்தது விலைக் குறைப்பு. செப்டம்பர் 5 அன்று 599 டாலர் போன் 399 ஆனது. வரிசையில் நின்று வாங்கி பத்து வாரம்கூட ஆகவில்லை. கோபம் கிளம்பியதும் ஆப்பிள் கடையில் பொருள் வாங்கிக்கொள்ள 100 டாலர் வரவு தந்தார்கள்.

நம் ஊருக்கு முறைப்படி வந்தது அடுத்த மாதிரியான ஐபோன் 3ஜி. 2008 ஆகஸ்ட் 22, ஏர்டெல், வோடபோன் வழியாக. 8 ஜிபி 31,000 ரூபாய், 16 ஜிபி 36,100 ரூபாய். அமெரிக்காவில் ஒப்பந்தத்தோடு 199 டாலர் என்று செய்தித்தாளில் படித்தவர்கள் விலையைக் கேட்டதும் திரும்பிப் போனார்கள். பேரில் 3ஜி இருந்தது, ஆனால் 3ஜி அலைக்கற்றை ஏலமே இங்கே 2010-இல்தான் நடந்தது.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு குறை. முதல் ஐபோனில் தமிழ் எழுத்துரு கிடையாது. நம் செய்தித் தளத்தைத் திறந்தால் வரிசை வரிசையாகக் காலிக் கட்டங்கள். விரலோடு அழகாக ஓடும், படிக்கத்தான் முடியாது. அந்தக் காலத்தில் சாதாரணப் போன்களில் ஒபேரா மினி என்ற உலாவியை நிறுவி, அதன் உள்ளமைப்பில் எழுத்தைப் படமாக மாற்றிக் காட்டும் ஒரு வசதியைத் தேடிப்பிடித்துத் தமிழ் படித்தவர்கள் பல பேர். அவர்களுக்கு நான் செட்டிங் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இரண்டாயிரம் ரூபாய்ப் போனில் தமிழ் தெரிந்தது, முப்பதாயிரம் ரூபாய்ப் போனில் தெரியவில்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

இனி இரண்டாவது கேள்வி. அந்த மயக்கம் இப்போது ஏன் வருவதில்லை? அன்று தாண்டியது இல்லாமைக்கும் இருப்புக்கும் நடுவே இருந்த தூரம். இப்போது எட்டாயிரம் ரூபாய்ப் போனிலும் பட்டியல் விரலோடு வருகிறது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையிலிருந்து 120-க்கு மாறினால் கண்ணுக்குத் தெரியும், பழகிய பிறகு பழையதைத் தொட்டால் இழுவையாகத் தோன்றும். ஆனால் அது முன்னைவிட நயம், அவ்வளவே. விளம்பரமும் கேமராவின் மெகாபிக்சலையும் ஜிபியையும்தான் சொல்கிறது. எதைக் காத்திருந்து வாங்குகிறோமோ அதையே பெட்டியில் தேடுகிறோம், அது இருக்கிறது, முடிந்தது. 2007-இல் காத்திருந்தவர்களுக்குக் கையில் கிடைத்தது அவர்கள் பட்டியலில் எழுதிவைக்காத ஒன்று.

ஆனாலும் விரலுக்கும் திரைக்கும் நடுவே உள்ள தாமதம் இன்றைய போன்களில் ஒரே மாதிரி இல்லை. இருபதாயிரம் ரூபாய்ப் போன்களிலேயே நல்லதும் உண்டு, இழுவையும் உண்டு. காட்சிக்கு வைத்த போனைப் பார்க்கும்போது அமைப்புகள் (செட்டிங்ஸ்) பட்டியலைத் திறங்கள். ஒரு சொல்லின் மேல் விரல் நுனியை வையுங்கள். வேகமாகத் தள்ளினால் எல்லாப் போனும் நன்றாகத் தெரியும், அதனால் மெதுவாக மேலும் கீழும் இழுங்கள், திசையைச் சட்டென்று மாற்றுங்கள். அந்தச் சொல் விரலுக்கு அடியிலேயே இருக்கிறதா, திரும்பும்போது ஒரு நூல் அளவு விலகி ஓடிவந்து சேர்கிறதா என்று பாருங்கள். வியர்த்த கையோடும் ஒரு தடவை செய்து பாருங்கள், நம் ஊர் வெயிலுக்கு அது முக்கியம். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் இரண்டு நிமிஷம் எடுத்துக்கொள்ளுங்கள்.